ஒண்டிக்கட்டைப் பேரினம்: புளியமரம் சொல்லும் வகைப்பாட்டுப் பாடம்

(இறுதியாண்டு, சிவில் பிரிவு)



சிவில் படிக்கிறவனுக்கும் தாவரவியலுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். போன வருஷம் வரை நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். இன்-பிளாண்ட் டிரெயினிங்கில் கிழக்குத் தாம்பரம் பக்கம் ஒரு மழைநீர் வடிகால் வேலைக்கு சர்வே எடுக்கிற குழுவோடு என்னை அனுப்பினார்கள். லெவல் எடுப்பது, ஸ்டாஃப் பிடிப்பது போக, வழியில் நிற்கும் மரங்களைக் கணக்கெடுப்பதும் என் வேலை. மார்பளவு உயரத்தில், அதாவது தரையிலிருந்து 1.37 மீட்டரில், டேப்பைச் சுற்றிச் சுற்றளவு எடுக்க வேண்டும். பிறகு பட்டியலில் வரிசை எண், செயினேஜ், மரத்தின் பெயர், சுற்றளவு என்று நிரப்ப வேண்டும்.

ஒரு தெருமுனையில் பெரிய புளியமரம். அதன் நிழலில் ஒரு பாட்டி கூறு கட்டி காய்கறி விற்றுக்கொண்டிருந்தார். வெயில், அவசரம். பெயர்க் கட்டத்தில் "மரம் – இதர வகை" என்று எழுதிவிட்டு நகரப் பார்த்தேன்.

"தம்பி, என்னா மரம்னு எழுதினே?"

"மரம்னுதான் எழுதினேன் பாட்டி."

"அது பேரு இல்லியேப்பா."

எனக்குச் சுருக்கென்றது. குழுவின் சீனியர் அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னார்: "விடுப்பா. இத வெட்டினா இயல்வாகைக் கன்னு பத்து வைப்பாங்க. ரெண்டும் ஒரே குடும்பம்தான்."

இரண்டும் ஒரே குடும்பம் என்பது உண்மைதான். ஆனால் அந்த வார்த்தைக்கு எவ்வளவு எடை? அன்று ராத்திரி, தாவரவியல் படித்த என் அக்காவிடம் கேட்டேன். அவள் சொன்ன முதல் பதில்: "டேய், இன்ஷியல் ஒண்ணா இருக்குன்னு ஆளை மாத்திடுவியா?" அதன் பிறகு அவள் நடத்திய பாடத்தையும், நான் தேடிப் படித்ததையும் சேர்த்துத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

முதலில் மூன்று சொற்கள்

உயிரினங்களைப் பெட்டிக்குள் பெட்டியாக அடுக்குவதுதான் வகைப்பாடு. நமக்கு வேண்டியவை மூன்று பெட்டிகள்.

சிற்றினம்: ஒன்றோடொன்று இணைந்து தன்னைப் போன்ற சந்ததியைத் தரும் ஒரே வகை உயிர்களின் கூட்டம் என்று மேலோட்டமாகச் சொல்லலாம்.

பேரினம்: நெருங்கிய உறவுள்ள சிற்றினங்களின் தொகுப்பு. ஆலமரம், அரசமரம், அத்திமரம் மூன்றும் வேறு வேறு சிற்றினங்கள். மூன்றும் ஃபைகஸ் என்ற ஒரே பேரினம்.

குடும்பம்: உறவுள்ள பேரினங்களின் தொகுப்பு.

அறிவியல் பெயரில் முதல் சொல் பேரினம், இரண்டாவது சொல் சிற்றினம். ஆலமரம் ஃபைகஸ் பெங்காலென்சிஸ். அரசமரம் ஃபைகஸ் ரிலிஜியோசா. நம் ஊர் வழக்கப்படி சொன்னால் பேரினம் வீட்டுப் பெயர், சிற்றினம் ஆள் பெயர்.

சில வீடுகளில் ஒரே ஒரு ஆள்தான் இருப்பார். அண்ணன் தம்பி கிடையாது. அப்படிப்பட்ட பேரினத்தை ஒற்றைச் சிற்றினப் பேரினம் என்கிறோம். அக்கா பாஷையில் "ஒண்டிக்கட்டை". புளியமரம் அப்படி ஓர் ஒண்டிக்கட்டை. டமரிண்டஸ் என்ற பேரினத்தில் டமரிண்டஸ் இண்டிகா என்ற ஒரே சிற்றினம்தான் உண்டு. உலகத்தில் எந்த மூலையில் இருந்து ஒரு புளியம்பழத்தைக் கொண்டு வந்தாலும் அது இந்தச் சிற்றினத்தைச் சேர்ந்ததுதான்.

நம் தாம்பரம் பக்கமே இன்னும் இரண்டு ஒண்டிக்கட்டைகள் உண்டு. விளாமரம், வில்வமரம். இரண்டும் எலுமிச்சைக் குடும்பம். ஆனால் விளாவின் பேரினமான லிமோனியாவில் விளா மட்டுமே. வில்வத்தின் பேரினமான ஏகிளில் வில்வம் மட்டுமே.

பூவைப் பிரித்துப் பார்ப்போம்

வகைப்பாட்டுக்கு அஸ்திவாரம் பூ. புளியம்பூவை நாம் யாரும் சரியாகப் பார்ப்பதில்லை. கோடையில் மரத்தடியில் மஞ்சள் தூசி போலக் கொட்டிக் கிடக்கும், மிதித்துக்கொண்டு போய்விடுவோம். ஒரு பூவை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள்.

புல்லி இதழ்கள் நான்கு. உண்மையில் ஐந்து இருக்க வேண்டியது; மேலே உள்ள இரண்டு ஒட்டி ஒன்றாகிவிட்டன.

அல்லி இதழ்கள் ஐந்து. ஆனால் கண்ணுக்குத் தெரிவது மூன்றுதான். வெளிர் மஞ்சளில் சிவப்பு நரம்போடு அழகாக இருக்கும். மீதி இரண்டும் சிறுத்துப்போய் அடியில் மயிர் போல ஒட்டிக்கொண்டிருக்கும். லென்ஸ் இல்லாவிட்டால் கண்டுபிடிப்பது கஷ்டம்.

மகரந்தத்தாள்கள் வேலை செய்வது மூன்றே மூன்று. அவை அடியில் ஒன்றாக இணைந்து ஓர் உறை போல இருக்கும். இந்த "மூன்று" என்ற எண்ணை மறக்காதீர்கள். கதையில் பெரிய குழப்பம் செய்யப்போவது இதுதான்.

சூலகம் ஒன்று, சின்னக் காம்பின் மேல் நிற்கும். அதுவே வளர்ந்து புளியம்பழம் ஆகிறது. அவரை, கொன்றை, புளி எல்லாவற்றுக்கும் சூலகம் ஒற்றைச் சூலக இலையால் ஆனது. இந்தக் குடும்பத்தின் ரேகை அது. அவரைக்காய் முற்றினால் இரண்டு ஓரமும் வெடித்துத் திறக்கும். புளியம்பழம் வெடிக்காது. மேலே உடையும் ஓடு, உள்ளே சதை, சதைக்குள் நார், அதற்கும் உள்ளே தோல் போன்ற உறையில் கொட்டை. பழுத்ததும் ஓடு தனியாகவும் சதை தனியாகவும் விட்டுப்போகும். ஒட்டாத உறவுக்கு "புளியம்பழமும் ஓடும் போல" என்று பெரியவர்கள் சொல்வது தாவரவியல்படியும் சரி!

இலையையும் பாருங்கள். ஒரு காம்பில் பத்து முதல் இருபது ஜோடிச் சிற்றிலைகள். ராத்திரி ஆனால் மூடிக்கொள்ளும். புளியமரத்தில் பேய் இருக்கிறது, அதனால் ராத்திரி அந்தப் பக்கம் போகாதே என்று ஆயா பயமுறுத்துவார்கள். மரம் தூங்குகிறது என்பதுதான் விஷயம். இந்தக் குடும்பத்தில் பல மரங்கள் அப்படித் தூங்கும்.

பெயர் வந்த வழி

அரபு வணிகர்கள் நம் கரையிலிருந்து புளியை வாங்கிப் போனார்கள். பிசுபிசுவென்று கறுத்த அந்தச் சதை அவர்களுக்குப் பேரீச்சம்பழத்தை நினைவூட்டியது போலும். "தமர் ஹிந்தி", அதாவது இந்தியப் பேரீச்சை என்றார்கள். அதுவே ஐரோப்பிய மொழிகளுக்குப் போய் டமரிண்ட் ஆனது.

1563இல் கோவாவில் கார்சியா த ஓர்ட்டா என்ற போர்ச்சுகீசிய மருத்துவர் இந்திய மருந்துச் சரக்குகளைப் பற்றி வெளியிட்ட நூலில் புளிக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. 1678இல் ஆம்ஸ்டர்டாமில் ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ் என்ற பெரிய நூலின் முதல் தொகுதி வெளிவந்தது. கொச்சியில் டச்சுக் கவர்னராக இருந்த வான் ரீட், உள்ளூர் வைத்தியர்களின் உதவியோடு தயாரித்தது அது. அதில் புளியமரம் "பாலம் புளி" என்ற தலைப்பில் படத்தோடு இருக்கிறது. மலையாளத்து வாளன்புளிதான் லத்தீன் எழுத்தில் அப்படி மாறிப்போனது. நம் புளி என்ற சொல் ஐரோப்பியத் தாவர நூலில் ஏறிவிட்டது!

1753இல் ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் "ஸ்பீசீஸ் பிளாண்டாரம்" என்ற நூலை வெளியிட்டார். தாவரங்களுக்கு இருசொற் பெயர் வைப்பது அங்கிருந்துதான் முறைப்படி ஆரம்பம் ஆகிறது. அதில் டமரிண்டஸ் என்று ஒரு பேரினம், அதன் கீழ் இண்டிகா என்று ஒரே சிற்றினம். ஆக, முதல் நாளிலேயே புளி ஒண்டிக்கட்டை.

ஒரு வேடிக்கை கவனித்தீர்களா? டமரிண்டஸ் என்றால் இந்தியப் பேரீச்சை. இண்டிகா என்றால் இந்தியாவுடையது. ஒரே பெயரில் இரண்டு தடவை இந்தியா! ஆனால் மரத்தின் தாயகம் ஆப்பிரிக்கப் பகுதி என்பதே இன்று பெரும்பாலான தாவரவியலாளர்களின் கருத்து. அதன் நெருங்கிய உறவினர்கள் பெரும்பாலும் ஆப்பிரிக்காவில்தான் இருக்கிறார்கள். பேரீச்சைக்கும் இதற்கும் உறவே கிடையாது. அப்படியானால் பெயரைத் திருத்தக் கூடாதா? கூடாது என்கிறது விதி. முறைப்படி முதலில் வைத்த பெயருக்குத்தான் முன்னுரிமை. பெயர் ஓர் அடையாளச் சீட்டு. வரலாற்றுச் சான்றிதழ் அல்ல. நம் ஊரில் கறுப்பாக இருக்கிறவர் பெயர் வெள்ளைச்சாமி என்று இருப்பதில்லையா, அது போலத்தான்.

மூன்று மகரந்தத்தாள் செய்த குழப்பம்

லின்னேயஸ் பூக்கும் தாவரங்களை வகுப்புகளாகப் பிரித்தது பெரும்பாலும் மகரந்தத்தாள்களின் எண்ணிக்கையை வைத்து. ஒன்று என்றால் முதல் வகுப்பு, இரண்டு என்றால் இரண்டாம் வகுப்பு என்று போகும். புளிக்கு மூன்று. ஆகவே மூன்றாம் வகுப்பில் போட்டுவிட்டார். அதே வகுப்பில் யார் யார் தெரியுமா? கோரைப்புல்லும் குங்குமப்பூவும்! பத்துத் தாள் உள்ள கொன்றை வேறு வகுப்புக்குப் போய்விட்டது.

கொன்றையும் புளியும் பார்த்தாலே சொந்தம் என்று தெரிகிறது. கோரையும் புளியும் எந்த விதத்தில் சொந்தம்? ரோல் நம்பர் கடைசி இலக்கம் ஒன்றாக இருப்பவர்களை எல்லாம் ஒரே டிப்பார்ட்மெண்ட் என்று சொல்வது போன்ற கதை. ஆனாலும் லின்னேயஸைக் குறை சொல்வதற்கில்லை. பூவை வைத்துத் தாவரத்தைச் சீக்கிரம் தேடிக் கண்டுபிடிக்க அது நல்ல அட்டவணை. தேடுவதற்கு உதவும் அட்டவணை வேறு, உறவைச் சொல்லும் அட்டவணை வேறு. இந்தத் துறையில் இது முதல் பாடம்.

இரண்டாவது கட்டம் பெந்தம்–ஹூக்கர் முறை. 1862 முதல் 1883 வரை வெளிவந்தது. நம் கல்லூரிகளில் பல தலைமுறை மாணவர்கள் மனப்பாடம் செய்தது இதைத்தான். ஒரு குணத்தை மட்டும் பார்க்காமல் பல குணங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். புளியை அதன் சொந்தக்காரர்களிடம் கொண்டுவந்து சேர்த்தார்கள். பாலிபெட்டலே, காலிசிஃப்ளோரே, ரோசேல்ஸ், லெகுமினோசே என்று வரிசை. லெகுமினோசேக்குள் மூன்று பிரிவு: வண்ணத்துப்பூச்சி போன்ற பூ உடைய அவரை வகை, கொன்றை வகை, பந்து பந்தாகப் பூக்கும் தொட்டாற்சுருங்கி வகை. புளிக்கு இடம் கொன்றை வகையில். மெட்ராஸ் மாகாணத் தாவரங்களைப் பற்றி கேம்பிள் தொடங்கி, அவருக்குப் பின் ஃபிஷர் முடித்த நூலும் (1915–1936) அந்த மரபில் வந்ததே.

2017இல் வந்த புதுப் பட்டியல்

மூன்றாவது கட்டம் மரபணு. பசுங்கணிகத்தில் உள்ள மேட்-கே என்ற மரபணுவின் எழுத்து வரிசையை ஆயிரக்கணக்கான செடிகளில் ஒப்பிட்டுப் பார்த்து, பல நாட்டு ஆய்வாளர்கள் கூடி 2017இல் புதிய பட்டியலை வெளியிட்டார்கள். அதன்படி குடும்பம் ஃபேபேசி (பழைய லெகுமினோசே). அதில் சுமார் 765 பேரினங்கள், 19,500 சிற்றினங்கள். மூன்று பிரிவு போய் ஆறு துணைக்குடும்பங்கள் வந்தன.

ஏன் மாற்ற வேண்டும்? பழைய "கொன்றை வகை" ஒரே கிளை அல்ல என்று தெரிந்தது. ஒரு தாத்தாவின் பேரப்பிள்ளைகளில் சிலரை மட்டும் எடுத்துக்கொண்டு, அவர்களோடு தூரத்துப் பங்காளிகளையும் சேர்த்து "இதுதான் எங்கள் குடும்பம்" என்று ரேஷன் கார்டு போட்டது போல இருந்தது. கொன்றைக்குப் புளியைவிடத் தொட்டாற்சுருங்கிதான் நெருங்கிய சொந்தம் என்று மரபணு சொல்லிவிட்டது! ஆகவே தொட்டாற்சுருங்கி வகையைக் கொன்றையோடு சேர்த்தார்கள். புளி வகையைத் தனித் துணைக்குடும்பமாகப் பிரித்தார்கள். இன்றைய நிலை இதுதான்:

துறை – ஃபேபேல்ஸ்
குடும்பம் – ஃபேபேசி
துணைக்குடும்பம் – டெட்டாரியாய்டே
பேரினம் – டமரிண்டஸ்
சிற்றினம் – டமரிண்டஸ் இண்டிகா (லின்னேயஸ், 1753)

நமக்குத் தெரிந்த மரங்களை இதில் பொருத்திப் பார்ப்போம்.

மந்தாரை – செர்சிடாய்டே துணைக்குடும்பம்.
புங்கம், முருக்கு (கல்யாண முருங்கை) – பாப்பிலியோனாய்டே.
கொன்றை, வாகை, தூங்குமூஞ்சி, இயல்வாகை – சிசால்பினியாய்டே.
புளி, அசோகம், ஆச்சா – டெட்டாரியாய்டே.

இங்கே அசோகம் என்பது ஆரஞ்சு நிறத்தில் பூக்கும் நிஜ அசோகமரம். பங்களா ஓரத்தில் கம்பம் போல நிற்கும் நெட்டிலிங்கம் அல்ல.

சீனியர் அண்ணன் சொன்ன கணக்கு இப்போது என்ன ஆகிறது? புளியும் இயல்வாகையும் ஒரே குடும்பம்தான். ஆனால் துணைக்குடும்பமே வேறு. 19,500 பேர் உள்ள குடும்பத்தில் "ஒரே குடும்பம்" என்பது ஒரே ஊர் என்பதைவிடக் கொஞ்சம்தான் நெருக்கம்.

இரண்டு என்று சொன்னவர்

புளி எப்போதும் ஒண்டியாகவே இருந்ததா? இல்லை. 1791இல் கேர்ட்னர் என்ற ஜெர்மானியர், கனிகளையும் விதைகளையும் பற்றிய தம் நூலில் இரண்டாவது சிற்றினம் ஒன்றைச் சேர்த்தார். பெயர் டமரிண்டஸ் ஆக்சிடென்டாலிஸ், அதாவது மேற்கத்தியப் புளி. கிழக்கிந்தியப் புளியங்காய் நீளம், கொட்டை அதிகம். மேற்கிந்தியத் தீவுப் புளியங்காய் குட்டை, கொட்டை குறைவு. இதுதான் வித்தியாசம் என்றார்கள்.

இது நிற்கவில்லை. ஏன் என்று தெரிய லண்டன் போக வேண்டாம். மாசி மாதம் எந்தப் புளியமரத்தடிக்காவது போய்ப் பழம் பொறுக்குங்கள். ஒரே மரத்தில் ஒற்றைக் கொட்டை உள்ள குட்டைப் பழமும் கிடைக்கும், எட்டு ஒன்பது கொட்டை உள்ள நீளப் பழமும் கிடைக்கும். மரத்துக்கு மரமும் மாறும். பூவில் வேறுபாடு இல்லை, இலையில் இல்லை, கனியின் அமைப்பில் இல்லை. நீளத்தில் மட்டும் இருக்கிறது. நீளத்தை மட்டும் வைத்துச் சிற்றினம் பிரிக்க முடியாது. ஆகவே மேற்கத்தியப் புளி இன்று வெறும் மாற்றுப்பெயர். மறுபடி ஒன்றே ஒன்று.

ஒரே சிற்றினம் என்றால் எல்லாம் ஒன்று போல என்று அர்த்தம் இல்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் உரிகம் புளி என்றால் நீளக் காய்க்குப் பேர் போனது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தேர்ந்தெடுத்துக் கொடுத்த ரகம் பி.கே.எம். 1. தாய்லாந்தில் பழமாகவே உரித்துத் தின்னும் இனிப்புப் புளி உண்டு. சதை சிவந்த புளியும் உண்டு. அத்தனையும் டமரிண்டஸ் இண்டிகாதான். விதையிலிருந்து முளைத்த ஒவ்வொரு மரமும் கொஞ்சம் வேறு. ரகம் வேறு, சிற்றினம் வேறு.

இதற்கு நேர்மாறான கதையும் இருக்கிறது. ஆச்சா மரத்தின் பேரினம் ஹார்ட்விக்கியா. ஒரு காலத்தில் அதில் இரண்டு சிற்றினங்களைச் சேர்த்திருந்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள இரண்டாவது மரத்தை உற்றுப் பார்த்துவிட்டு, இது வேறு பேரினம் என்று கிங்கியோடெண்ட்ரானுக்கு மாற்றிவிட்டார்கள். ஆச்சா ஒண்டிக்கட்டை ஆனது. ஆக, ஒற்றைச் சிற்றினப் பேரினம் என்பது சான்றுகளைப் பார்த்து மனிதர்கள் எடுக்கும் முடிவு. புதுச் சான்று வந்தால் முடிவு மாறலாம். புளி விஷயத்தில் 1753இல் எடுத்த முடிவைப் பூவும் கனியும் மரபணுவும் மூன்றும் சேர்ந்து உறுதி செய்துவிட்டன. அதுதான் அதன் சிறப்பு.

இன்னும் பெரிய ஒண்டிக்கட்டையும் உண்டு. ஆறு துணைக்குடும்பங்களில் ஒன்றான டுபார்கெட்டியாய்டேயில் ஒரே பேரினம், அதில் ஒரே சிற்றினம். மேற்கு ஆப்பிரிக்கக் காடுகளில் வளரும் ஒரு கொடி. ஒரு துணைக்குடும்பமே ஒரு செடியை நம்பி நிற்கிறது!

"புளி" என்று பெயர் இருந்தால் போதுமா?

பரீட்சையில் கேட்டால் ஏமாந்துவிடாதீர்கள்.

கொடுக்காப்புளி: மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்தது. ஃபேபேசிதான், ஆனால் வாகையின் பக்கத்துச் சொந்தம், புளியின் சொந்தம் அல்ல.
குடம்புளி: மீன் குழம்புக்குப் போடுவது. கார்சீனியா பேரினம். குடும்பமே வேறு.
பப்பரப்புளி: யானைக்கால் போல அடிமரம் பெருத்த பெருக்கமரம். பருத்தி, செம்பருத்தி சொந்தம்.
புளியாரை: தரையோடு படரும் கீரை. ஆக்சாலிஸ் பேரினம்.

புளிப்பும் ஒன்றல்ல. புளியம்பழத்தில் முக்கியமாக டார்டாரிக் அமிலம். புளியாரையில் ஆக்சாலிக் அமிலம். குடம்புளியில் ஹைட்ராக்சி சிட்ரிக் அமிலம். நாக்குக்கு எல்லாம் புளி. வேதியியலுக்கும் தாவரவியலுக்கும் வேறு வேறு.

நம் தொழிலுக்கு வேண்டியது

மெக்கானிக்கல் நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்களுக்கும் இருக்கிறது. புளியங்கட்டை கடினமானது, மாட்டு வண்டிச் சக்கரத்துக் குடத்துக்கும், செக்குக்கும், கொட்டாப்புளிக்கும் அதைத் தேடி வாங்கினார்கள். கறிக்கடையில் வெட்டுக்கட்டை இன்றும் பெரும்பாலும் புளிதான். டெக்ஸ்டைல் நண்பர்களுக்கு: பாவு நூலுக்குக் கஞ்சி போடப் புளியங்கொட்டை மாவு பயன்படுகிறது. அதிலுள்ள சைலோகுளுக்கன் என்ற சர்க்கரைச் சங்கிலி நூலைப் பிடித்துக்கொள்ளும். பித்தளைப் பாத்திரம் துலக்குவதும், பல்லாங்குழி ஆடுவதும் எல்லோருக்கும் தெரிந்ததே.

எங்கள் சிவில் ஆட்களுக்கும் பழைய உறவு உண்டு. நெடுஞ்சாலை ஓரத்துப் புளியமரத்துக்கு நம்பர் போட்டு, கறுப்பு வெள்ளைப் பட்டை அடித்து, வருஷா வருஷம் பழத்தை ஏலம் விட்டார்கள். ஜி.எஸ்.டி. சாலையில் பெருங்களத்தூர், வண்டலூர் தாண்டி செங்கல்பட்டு வரை இருபுறமும் புளியமரம் கூடாரம் போட்டது போல இருந்ததை வீட்டுப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். சாலை கட்டம் கட்டமாக அகலமானபோது அந்த வரிசை போய்விட்டது. சாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; நாளைக்கு அதே வேலைக்குத்தான் நானும் போகப்போகிறேன். வெட்டுவதற்கு முன்னால் என்ன வெட்டுகிறோம் என்று எழுதத் தெரிய வேண்டும் என்பதே என் வாதம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1937இல் தாம்பரத்துக்கு இடம் மாறிய சென்னை கிறிஸ்தவக் கல்லூரியின் வளாகத்தில் மரங்களை நட்டு வளர்த்தவர்களில் முக்கியமானவர் எட்வர்ட் பார்ன்ஸ். அவர் தாவரவியல் பேராசிரியர் அல்ல, வேதியியல் பேராசிரியர்! ஆனாலும் தென்னிந்திய மலைத் தாவரங்களை ஆராய்ந்து எழுதினார். பாடம் வேறு என்று நாம் சாக்குச் சொல்ல முடியாது.

முடிவாக

நான் மிகைப்படுத்த விரும்பவில்லை. புளியமரம் அழிந்துபோகும் நிலையில் இல்லை. உலகப் பாதுகாப்புப் பட்டியலில் "கவலை குறைந்தது" என்ற வரிசையில்தான் இருக்கிறது. ஆப்பிரிக்கா முதல் மேற்கிந்தியத் தீவு வரை நிற்கிறது. ஆனாலும் ஒண்டிக்கட்டைப் பேரினம் என்பதன் பொருள் என்ன? அத்தியில் ஒரு சிற்றினம் போனால் பேரினத்தில் இன்னும் நூற்றுக்கணக்கானவை இருக்கும். புளிக்கு அப்படிச் சொல்ல அண்ணன் தம்பி இல்லை. அதன் இடத்தில் வைக்கப் புளியைத் தவிர வேறு ஆள் கிடையாது. இயல்வாகை நிழல் தரும், மஞ்சளாகப் பூக்கும், சீக்கிரம் வளரும். ஆனால் ரசத்துக்கு ஆகாது.

மறுநாள் நான் ஃபீல்டு புக்கில் அந்த வரியை அடித்துத் திருத்தினேன். "புளி (டமரிண்டஸ் இண்டிகா)" என்று எழுதிச் சுற்றளவையும் மறுபடி சரிபார்த்தேன். சீனியர் அண்ணனிடம் துணைக்குடும்பக் கதையைச் சொன்னேன். "உங்க அக்கா பெரிய ஆளுப்பா" என்று சிரித்தார். ஆனால் ரிப்போர்ட்டில் மாற்றுக் கன்று என்ற இடத்தில் புளியையும் சேர்த்துக்கொண்டார்.

மரம் தப்பவில்லை. வடிகால் போக வேறு இடமில்லை. மழைக்காலத்தில் அந்தத் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். ஆகவே அதைக் குற்றம் என்றும் சொல்ல முடியவில்லை. பதிலுக்கு வைத்த பத்துக் கன்றில் இரண்டு புளி. ஒன்று ஆடு தின்றுவிட்டது. மற்றது முழங்கால் உயரம் இருக்கிறது. பாட்டி தன் கூறுக்கடையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு, அதைச் சுற்றி முள் கட்டி வைத்திருக்கிறார். விதைக்கன்று காய்க்க ஏழெட்டு வருஷமாவது ஆகும்.

"என்னா மரம்னு எழுதினே?" என்று பாட்டி இப்போது கேட்டால் என்னிடம் பதில் இருக்கிறது. உங்களிடமும் இருக்க வேண்டும் என்றுதான் இவ்வளவு எழுதினேன்.

செய்து பாருங்கள்

1. கோடையில் ஒரு புளியம்பூவை எடுத்து, சிறுத்துப்போன இரண்டு அல்லி இதழ்களைக் கண்டுபிடியுங்கள்.
2. ஒரே மரத்தடியில் இருபது பழம் பொறுக்கிக் கொட்டைகளை எண்ணுங்கள். கேர்ட்னர் எங்கே வழுக்கினார் என்று புரியும்.
3. உங்கள் தெருவில் உள்ள மரங்களைப் பெயர், சுற்றளவோடு பட்டியல் போடுங்கள். "இதர வகை" என்ற கட்டம் காலியாக இருக்கட்டும்.